பதினைந்து வயது மரங்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரமான ஒரு கட்டடத்தின் கீழே ஒருவருக்காகக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. சுற்றிலும் கல் இருக்கைகள். ஒன்றிலும் ஆளில்லை. ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு மரம். மூன்று கம்புகள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன.

காவலாளியிடம், "புதுசா வச்சதா?" என்று கேட்டேன்.

"வச்சு ஒம்பது வருஷம் ஆச்சு சார்" என்றார்.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் நான் கட்டியது.

(அந்தக் கட்டடத்தை வரைந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. தெரிந்திருந்தால் கதை வந்திருக்காது, புகார்தான் வந்திருக்கும்.)

2

முதல் தொடக்கம்: 'நகரத்தின் நடுவே வானைத் தொட்டு நின்ற' — வேண்டாம். எந்தக் கட்டடமும் வானைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாவது: 'ஜன்னலருகே நின்று அவள் தன் வாழ்க்கையை' — இதுவும் வேண்டாம். ஜன்னலருகே நிற்பவர்கள் பெரும்பாலும் வெயில் எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

மூன்றாவது: 'செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு நாற்றுப்பண்ணைக்காரர் சிரித்தார்.'

இது இருக்கட்டும். ஆனால் அவர் ஏன் சிரித்தார் என்று சொல்வதற்குள் இரண்டு பேரை அறிமுகப்படுத்தியாக வேண்டும்.

3

அவள் கட்டடங்கள் வரைபவள். வயது நாற்பத்தெட்டு. கல்லூரியில் அவளுக்கு வைத்த பெயர் தூக்குக்குண்டு. கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிட்டு, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பாரே, அது. நாளடைவில் பெயர் தேய்ந்து குண்டு ஆனது. அன்றும் இன்றும் ஆள் ஒல்லி. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் நாள் அலுவலகம் முழுக்க வேறு யாரையோ தேடுவார்கள்.

அவளோடு படித்தவனும் அவளும் சேர்ந்து அலுவலகம் நடத்துகிறார்கள். அவன் பெயர் ரப்பர். கல்லூரியில் வரைந்ததைவிட அழித்தது அதிகம். இப்போது அவள் வரைகிறாள், அவன் பேசுகிறான். இருபத்திரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. அவள் வாயைத் திறந்தால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார் என்பது அவன் கருத்து. அவன் பென்சிலைத் தொட்டால் கட்டடமே எழுந்து போய்விடும் என்பது அவள் கருத்து.

இப்போது கையில் இருப்பது நாற்பத்தாறு மாடி. மூடிப்போன பேருந்துப் பணிமனை இருந்த இடம், பெரிய மருத்துவமனைக்கு எதிரே. நகரத்தில் ஒரு விதி உண்டு. தரையைப் பொதுமக்களுக்கான சதுக்கமாகத் திறந்துவிட்டால் மேலே ஆறு மாடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். நாற்பதும் ஆறும் சேர்ந்து நாற்பத்தாறு. ஆகவே அந்தக் கடைசி ஆறு மாடி, கீழே இருக்கும் சதுக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

(பொறியாளர்கள் இந்த வாக்கியத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.)

மூன்று மாதத்துக்கு முன் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். வழக்கம்போல ரப்பர் பேசினான். நடுவில் தொலைபேசி வந்து வெளியே போனான். அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"மேடம், அங்க உட்கார விடுவீங்களா, இல்ல பாக்க மட்டும்தானா?"

கேட்டவள் எதிர் மருத்துவமனையில் செவிலி. குண்டுவின் நாத்தனாரும்கூட. காலையில்தான் ஒரே சமையலறையில் இருவரும் ஒரே கரண்டிக்குச் சண்டை போட்டிருந்தார்கள்.

குண்டு எழுந்து நின்று, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பொதுக்கூட்டத்தில் ஒரு வாக்கியம் சொன்னாள்.

"நீங்க வந்து உட்காரலாம்."

குறிப்பெழுதுபவர் அதை எழுதிக்கொண்டார்.

4

இனி நாற்றுப்பண்ணைக்காரர் சிரிக்கலாம்.

வியாழக்கிழமை நகரத் திட்டக் குழுவில் விசாரணை. அங்கே ஒப்புதல் கிடைத்துவிட்டால் வேலை தொடங்கிவிடும். எல்லாம் தயார். மரங்களின் பட்டியல் மட்டும் பாக்கி. எந்த மரம், எத்தனை என்று கேட்கத்தான் செவ்வாய்க்கிழமை அவள் பண்ணைக்குப் போனாள். அவர் சேற்றுச் செருப்போடு ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்து வரைபடத்தை மடியில் விரித்தார். சதுக்கத்தில் இருபத்தாறு மரங்கள். ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம், அடர்ந்த கிளை. அவற்றின் கீழே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லா இருக்கும்மா. எத்தனை அடி மண்ணு?"

"மூணரை."

"அதுக்குக் கீழ?"

"கார். மூணு அடுக்கு."

அப்போதுதான் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளை சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தால் சிரிப்போமே, அந்த மாதிரி.

"இதுல மரம் பொழைக்கும்மா. ஆனா வளராது. வளர்ற மாதிரி நிக்கும்."

"எவ்வளவு உயரம் வரும்?"

அவர் எழுந்து நின்று தன் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினார்.

"பதினஞ்சு வருஷத்துல?"

"எத்தனை வருஷம் ஆனாலும். வேர் போனாத்தானே கிளை போகும்? காத்துக்கு முட்டுக் குடுத்துக்கிட்டே இருக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "எங்கிட்ட பன்னெண்டு வயசு மரம் இருக்கு. வேரோட தூக்கிட்டு வந்து வச்சுத் தரேன். பத்தடி மண்ணு இருக்கா?"

"இல்ல."

"அப்ப செடி வாங்கிக்கம்மா. செடில நல்ல ரகமெல்லாம் இருக்கு."

5

இது எப்படி நடந்தது என்று நீங்கள் கேட்கலாம். இவ்வளவு படித்தவள், இவ்வளவு வருட அனுபவம்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கட்டடத்தை முதல் நாள் எப்படி இருக்குமோ அப்படி வரைவார்கள். மரத்தைப் பதினைந்தாவது வருடம் எப்படி இருக்குமோ அப்படி வரைவார்கள். இரண்டும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அந்தத் தாளில் எந்த வருடம் நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவளும் மாணவியாக இருந்த நாளிலிருந்து அப்படித்தான் வரைந்து வந்தாள். கை தானாக வரையும்.

படத்தோடு போயிருந்தால் பாதகமில்லை. அதே மரங்களை மாதிரிக் கட்டடத்திலும் ஒட்டி, அதையேதான் காற்றுச் சோதனைக்கு அனுப்பியிருந்தாள்.*

* உயரத்தில் அடிக்கும் காற்று கட்டடத்தின் முகத்தில் மோதும். போக வழியில்லாமல் சுவரோடு கீழே இறங்கும். தரைக்கு வரும்போது அதற்கு நல்ல வேகம். ஆகவே சின்ன மாதிரியைச் செய்து, ஒரு நீளமான பெட்டிக்குள் வைத்து, காற்றை ஊதிப் பார்ப்பார்கள். முடிவு மூன்று நிறத்தில் வரும். பச்சை என்றால் உட்காரலாம். மஞ்சள் என்றால் நிற்கலாம். சிவப்பு என்றால் கடந்து போகலாம், அதுவும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு.

சதுக்கம் முழுக்கப் பச்சை வந்திருந்தது. குழுவுக்குப் போகும் கோப்பில் அந்தப் பச்சைத் தாள் நான்காம் பக்கம்.

பண்ணையிலிருந்தே சோதனைக்கூடத்தைக் கூப்பிட்டாள். மரத்தையெல்லாம் பிய்த்துவிட்டு இன்னொரு தடவை ஊதச் சொன்னாள்.

புதன்கிழமை மதியம் தாள் வந்தது. பச்சை இல்லை, ஏறக்குறைய முழுக்கச் சிவப்பு. ஓரமாக, வாகனங்கள் கீழே இறங்கும் சரிவுக்குப் பக்கத்தில் மட்டும், கொஞ்சம் மஞ்சள்.

(முந்தைய ஒரு பிரதியில் இந்தத் தவறைச் செய்தது அலுவலகத்தில் இருந்த ஓர் இளம் வரைவாளர். எழுத வசதியாக இருந்தது. அவளுக்கும் வசதியாக இருந்தது. அதனால்தான் எடுத்துவிட்டேன்.)

6

ரப்பரை எப்படி எழுதுவது என்பதில் எனக்குச் சிக்கல்.

முதலில் அவனைக் கெட்டவனாக எழுதினேன். வாசனைத் திரவியம் பூசிவிட்டேன், கையில் இரண்டு கைபேசி கொடுத்தேன். அவன் எதிரே வந்து உட்கார்ந்தால் எனக்கே சலிப்பாக இருந்தது. பிறகு நல்லவனாக எழுதினேன். குண்டு சொன்னதும் தலையாட்டினான். கதை ஏழாவது வரியில் முடிந்துபோனது. இப்போது அவனை இரண்டுமாக எழுதாமல், பேச மட்டும் விட்டுப் பார்க்கிறேன்.

புதன் மாலை நான்கு மணி. அவள் ஒரு புதிய தாளை மேசையில் வைத்தாள். அதே சதுக்கம். அதே இருபத்தாறு மரங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம், மூன்று கம்புகளோடு.

"என்ன இது, குச்சி நட்டு வச்சிருக்க?"

"மரம்."

"இதுவா?"

"திறக்குற அன்னிக்கு இப்படித்தான் இருக்கும்."

"சரி. பதினஞ்சு வருஷம் கழிச்சு?"

"அன்னிக்கும் இப்படித்தான்."

சிவப்புத் தாளையும் காட்டினாள். பண்ணைக்காரர் சொன்னதைச் சொன்னாள். மேல் அடுக்குக் கார் நிறுத்தத்தை எடுத்துவிட்டால் பத்தடி மண் கிடைக்கும், வளர்ந்த மரங்களையே கொண்டுவந்து நடலாம், பச்சை திரும்பிவிடும் என்றாள். அவளுக்கு இது நீண்ட பேச்சு.

ரப்பர் இரண்டு தாளையும் வெகுநேரம் பார்த்தான்.

"மேல் அடுக்குல எத்தனை கார்?"

"நூத்தி நாப்பது."

"அதை எடுக்கணும்னு நான் அந்த ஓனர் மனுஷன்கிட்ட போய்ச் சொல்லணும்."

"ஆமா."

"ஏற்கெனவே கார் பத்தலன்னு தினமும் போன் பண்றாரு. கேட்டுட்டு நிதானமா, 'சரி, வேற யாராவது வரைஞ்சு தருவாங்க'ன்னு சொல்வாரு. கோவப்படக்கூட மாட்டாரு."

"தெரியும்."

"வேற ஒருத்தன் வருவான். அவனும் இதே மரம்தான் போடுவான். அவனுக்கு மண்ணு ஞாபகமே வராது. அப்புறம் உன் சதுக்கத்துல எவன் உட்காருவான்? நாம உள்ள இருந்தாலாவது, கட்டும்போது சண்டை போட்டு மாத்தலாம்."

"கட்டும்போது இதுவரைக்கும் என்ன மாத்தியிருக்கோம்?"

யோசித்தான்.

"ஒரு தடவை கைப்பிடியை மாத்தினோம்."

"நிறத்தை."

"நிறமும் மாத்துறதுதான், குண்டு."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பிறகு சொன்னான்:

"வெளிய பதினொரு பேர் உட்கார்ந்திருக்காங்க. இந்த வேலை போனா அதுல ஏழு பேரை நான்தான் கூப்பிட்டுச் சொல்லணும். நீ சொல்ல மாட்ட. உனக்குப் பேச வராதுன்னு நாம முடிவு பண்ணி வச்சிருக்கோம்."

அதற்கு அவள் சொல்வதாக நாலைந்து பதில்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன, எதுவும் அவளுடையதாக இல்லை.

(கட்டடத்தின் உரிமையாளர் இந்தக் கதையில் வர மாட்டார். அவர் ஒரு முறை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் எல்லாப் பழியும் அவர் தலையில் விழுந்துவிடும், நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவோம்.)

7

அன்று அவள் அலுவலகத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. மருத்துவமனை எதிரே இறங்கி, பணிமனையின் காலி இடத்தைப் பார்க்கப் போனாள். பேருந்து நிறுத்தத்தில் அவளுடைய நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். பேருந்து ஒன்று வந்து நின்றது. நாத்தனார் ஏறவில்லை. போய்விட்டது.

"நம்ம பஸ்தானே அது? ஏன் ஏறல?"

நாத்தனார் திருட்டு முழி முழித்தாள். "அண்ணி, நீங்க எங்க இங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ரெண்டு பஸ்ஸை விட்டுட்டுத்தான் தினமும் வருவேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. டிராஃபிக்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"உள்ள போனா சிஸ்டர். வீட்டுக்கு வந்தா தங்கச்சி, அத்தை, அம்மா, அப்புறம் உங்களுக்கு எதிரி. நடுவுல இருபது நிமிஷம் யாராவும் இல்லாம இருக்கேன்." பெஞ்சைக் காட்டினாள். "முன்னாடி உட்கார்ந்திருப்பேன். போன மாசம் அதுல குறுக்க குறுக்கக் கம்பி வச்சுட்டாங்க. யாரோ படுத்துக்குறாங்களாம். இப்ப நிக்குறேன். பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து, இளைப்பாற இங்க நிக்குறேன்."

அடுத்த பேருந்தும் வந்தது. இருவரும் ஏறவில்லை.

"நீங்க கட்டுறது எப்ப முடியும்?"

"நாலு வருஷம்."

"அது போதும். நாலு வருஷம் நிப்பேன்."

(நாத்தனார் சொன்ன 'யாராவும் இல்லாம' என்ற சொல்லை எடுத்துவிட நினைத்தேன். ஓர் எழுத்தாளன் உள்ளே ஒளிந்துகொண்டு சொல்லிக்கொடுத்தது போல இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அவள் பேருந்தை ஏன் விட்டாள் என்பதே புரியாமல் போனது. திரும்ப வைத்துவிட்டேன்.)

8

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

முடிவு ஒன்று. அவள் குச்சி மரங்கள் உள்ள தாளைக் குழு முன் வைக்கிறாள். விசாரணை தள்ளிப்போகிறது. உரிமையாளர் நிதானமாக வேறு ஒருவரிடம் போகிறார். அவர் மூன்று மாடி உயரத்துக்கு மரங்கள் வரைகிறார். கட்டடம் வருகிறது. சதுக்கம் சிவப்பு. நம் ஆள் நேர்மையாக வீட்டில் இருக்கிறாள். நாத்தனார் நிற்கிறாள்.

முடிவு இரண்டு. பழைய தாளை வைக்கிறாள். ஒப்புதல் வருகிறது. பதினொரு பேரும் வேலையில் இருக்கிறார்கள். நாலு வருடம் அவள் மண்ணுக்காகச் சண்டை போடுகிறாள். ஒருவேளை ஜெயிக்கிறாள். ஒருவேளை கைப்பிடி மாறுகிறது. கூட்டக் குறிப்பில் 'நீங்கள் வந்து உட்காரலாம்' என்ற வாக்கியம் அவள் பெயருக்கு நேரே அப்படியே இருக்கிறது.

இரண்டையும் முழுதாக எழுதினேன். முதலாவதில் நான் அவளைக் காப்பாற்றுகிறேன், இடத்தைக் கைவிடுகிறேன். இரண்டாவதில் இடத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அவள் இனி எந்தப் படத்தை வரைந்தாலும் அதில் எந்த வருடம் நடக்கிறது என்று அவளுக்கே — இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

இரண்டிலும் ஒரு குறை இருந்தது. அவள் தனியாகவே முடிவெடுத்தாள். அந்த அலுவலகத்தில் எதுவும் அப்படி நடப்பதில்லை.

9

வியாழன் காலை. காரில் ரப்பர் கேட்டான்.

"எந்தத் தாளை எடுத்துட்டு வந்திருக்க?"

"ரெண்டையும்."

"சரி" என்றான். எதை வைக்கப் போகிறாய் என்று கேட்கவில்லை. அடுத்த சிக்னலில் மட்டும், "டை நேரா இருக்கா?" என்றான். அவள் பார்த்துவிட்டு, "இல்ல" என்றாள். சரிசெய்துகொண்டான்.

குழுவின் அறை நீளமானது. ஒன்பது பேர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. எதையும் நிதானமாகப் படிப்பவர். அவர் பக்கத்தில் கோப்பு, நான்காம் பக்கம் பச்சை. சுவரோரம் பலகை. உரிமையாளரின் ஆட்கள் இருவர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். அவள் தாள்களை வரிசையாகப் பலகையில் குத்துவாள், அவன் பேசுவான். தலைவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அவன்தான் பதில். குழுவின் பதிவிலும் அப்படித்தான் இருக்கிறது. விண்ணப்பதாரர் தரப்பில் பேசுபவர் ஒருவரே.

முதல் தாள், இடத்தின் வரைபடம். இரண்டாவது, முகப்பு. மூன்றாவது, கட்டடத்தை நெடுக வெட்டிக் காட்டும் வெட்டுத்தோற்றம். அவன் ஒவ்வொன்றுக்கும் பேசினான். நன்றாகப் பேசினான். நாற்பத்தாறு மாடியும் அந்த அறையில் ஒவ்வொன்றாக ஏறி நின்றது.

நான்காவது, சதுக்கம்.

அவள் தாள்களைச் சுருட்டி வைக்கும் குழாயைத் திறந்தாள். உள்ளே இரண்டு சுருள்கள். ஒன்றை எடுத்தாள். எதை என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. பலகையில் வைத்து நான்கு மூலையிலும் ஊசி குத்தினாள். ஆள் உயர மரங்கள், மூன்று மூன்று கம்புகள். பிறகு பக்கத்தில், அவள் இதுவரை குத்தாத இடத்தில், பையிலிருந்து சிவப்புத் தாளையும் எடுத்துக் குத்தினாள். நகர்ந்து நின்றாள்.

ரப்பர் பலகையைப் பார்த்தான். அவன் பேச்சு நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் அவன் சொல் வராமல் நடுவில் நிறுத்தி அவள் பார்த்ததில்லை.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்த சத்தம்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோப்பின் நான்காம் பக்கத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"ரெண்டும் வேற வேறயா இருக்கே. பலகைல தப்பான தாள் வந்துடுச்சா, இல்ல வேணும்னுதான் வச்சிருக்கீங்களா?"

கேள்வி அவளுக்கு அல்ல. பதிவின்படி அவள் பேச முடியாது. பேசினாலும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். அவளுக்குப் பத்தொன்பது வயதிலிருந்து தெரிந்த முகம். அதில் கோபம் இருந்ததா என்று பார்த்தாள். இல்லை. பயம் இருந்தது. அவளிடமும் அது இருந்தது. அவள் தலையை ஆட்டவில்லை, கண்ணால் எதையும் கேட்கவில்லை. தன் பங்கை வரைந்து முடித்துவிட்டாள்.

அவன் தலைவரைப் பார்த்துத் திரும்பினான். தொண்டையைச் செருமினான்.

10

இங்கே அவனுக்கு ஒரு வரி வேண்டும்.

'மன்னிக்கணும், தாள் மாறிடுச்சு' என்று எழுதினேன். அவன் அதைச் சொல்லக்கூடியவன்தான். இன்னொரு சுருள் குழாயில் இருக்கிறது. அரை நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மாலையில் அவன் அவளோடு சண்டை போடுவான், அல்லது போட மாட்டான்.

'வேணும்னுதான் வச்சோம்' என்றும் எழுதினேன். அதையும் சொல்லக்கூடியவன்தான். 'வச்சோம்' என்பதில் அவன் குரல் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு நூற்று நாற்பது காரைப் பற்றி ஒன்பது பேருக்கு முன்னால் அவன் என்ன பேசுவான் என்றும் தெரிகிறது. பேசத் தொடங்கினால் அவனை யாராலும் நிறுத்த முடியாது. ஒருவேளை அந்த ஒன்பது பேராலும் முடியாது.

இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவனை நான் பேசவைப்பதாகவே இருந்தது. அவன் பேசவில்லை.

அவனை நீங்கள் எவ்வளவு பார்த்தீர்களோ அவ்வளவுதான் நானும் பார்த்திருக்கிறேன். மறைத்து வைத்த பக்கம் எதுவும் என்னிடம் இல்லை. அவனைப் போல ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உங்களோடு வேலை செய்பவராக இருக்கலாம். கண்ணாடியில் பார்ப்பவராகவும் இருக்கலாம். ஆகவே அந்த வரியை நீங்கள் சொல்லுங்கள்.

அவசரமில்லை. தலைவர் பொறுமைசாலி. குறிப்பெழுதுபவர் பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருக்கிறார். அவள் பலகைக்குப் பக்கத்தில் நேராக நிற்கிறாள். நீங்கள் சொல்லும்வரை அந்த நாற்பத்தாறு மாடியும் காகிதத்தில்தான் இருக்கும்.